சிலிண்டர் நிரம்பும் சத்தம்

வஸீர் கட்டாருக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து, சோறு தின்ற கை காயுமுன்னே எருக்கலம்பிட்டியிலிருந்து புறப்பட்டுவிட்டான். வாசலில் நின்று அவன் மனைவி நுஸ்ரியா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இனிக் கடலுக்குள்ள இறங்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ."

"இறங்கமாட்டன். அல்லாஹ்மேல ஆணை."

அவள் சும்மா கேட்கவில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் சுழியோடி. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடியில் கடலட்டை பொறுக்கியவன். ஒருநாள் அவசரப்பட்டு மேலே வந்ததில் இரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கரையில் கிடந்தான். மாதக்கணக்கில் அவனைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, சுவரைப் பிடித்து நடக்க வைத்தவள் நுஸ்ரியா. இன்னொரு தடவை ஆழத்துக்குப் போனால் கால் திரும்பாது என்று வைத்தியர் அவளையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். அதனால்தான் இந்தப் பயணம். அங்கே ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை என்றார்கள்.

நுஸ்ரியா வீட்டிலிருந்து சட்டை தைப்பவள். தையல் மெஷின் ஓடும்போது போனில் பேசுவது காதில் ஏறாது. அதற்காக மன்னார் பஸாரில் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்பீக்கர் வாங்கி வைத்திருந்தாள். சிவப்பும் பச்சையுமாக மினுங்கும். சத்தத்தைக் கூட்டினால் தகரம்போல அதிரும். ஆனாலும் வஸீர் போனில் பதிந்து அனுப்பும் குரல் அதில் சொல் பிசகாமல் வரும். மத்தியானத்தில் ஒன்று வரும். அவன் சாப்பிட்ட கறி, அறையில் கிடப்பவர்களின் குறட்டை, வெயில். அவள் தைத்துக்கொண்டே கேட்பாள். சில நாள் ஒன்றையே மூன்று தரம் கேட்பாள்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்னால், அவனோடு வேலை செய்யும், முருங்கன் ஊர்ச் சுகந்தன் லீவில் வந்தபோது ஒரு பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே இன்னொரு ஸ்பீக்கர். சாம்பல் துணி போர்த்தது, தேங்காய் கனம். சுகந்தன் தேத்தண்ணிக்குக்கூட நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு நசீறா ராத்தா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இந்த விலைக்கு ஒரு ஆடு வாங்கலாம். ரெண்டும் பேசத்தானே செய்யுது? காசு கூடினா குரலுக்குக் கொம்பு முளைக்குமா?"

"கேட்டுத்தான் பாப்பம் ராத்தா."

இரண்டையும் அலுமாரிக்கு மேலே வைத்து, ஒரே குர்ஆன் ஓதலை மாறி மாறிப் போட்டார்கள். சின்னதில் ஓதுபவரின் குரல் மூக்கால் வந்தது. பெரியதில் அவர் ஆயத்துக்கு ஆயத்து மூச்செடுப்பது கேட்டது. அந்தப் பள்ளிவாசல் எவ்வளவு விசாலம் என்பதும் தெரிந்தது. சத்தத்தைக் குறைத்தபோதும் எதுவும் கெட்டுப்போகவில்லை. நசீறா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"சரி, இப்ப உன்ர மாப்பிள்ளையைப் போடு. அவருக்கும் மூச்சிருக்கோ பாப்பம்."

நுஸ்ரியா சிரித்துக்கொண்டு அன்றைய குரலைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. அவன் பேச்சுக்கு அடியில், சின்ன ஸ்பீக்கர் ஒருநாளும் தராத தாழ்ந்த இடி ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. போகப்போக அது இறுகியது. பிறகு புஸ்ஸென்று காற்று விட்டது.

சிலிண்டருக்குக் காற்று அடிக்கும் கொம்பிரசர். வருஷக்கணக்காக அவள் முற்றத்தில் அடித்த சத்தம். சிலிண்டர் நிரம்பும் நேரம்தான் சுழியோடிக்கு ஓய்வு. ஊரில் பீடி பற்றவைப்பதும் பெண்சாதியோடு கதைப்பதும் அப்போதுதான். வஸீர் அங்கேயும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

அவள் பழைய குரல்களையெல்லாம் வரிசையாகப் போட்டுக் கேட்டாள். முதலில் வந்தவற்றில் லொறி ஹோர்ன், பெட்டி இழுபடும் சத்தம். இரண்டாம் மாதத்திலிருந்து எல்லாவற்றிலும் அந்த இடி.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவனை அழைத்தாள்.

"உங்களுக்குப் பின்னால அடிக்கிறது என்ன?"

"எது? ஜெனரேட்டரா இருக்கும்."

"ஜெனரேட்டர் ஒரே சீரா அடிக்கும். இது இறுகிப்போய்க் காத்து விடுது. ஆருக்குச் சொல்றீங்கள்?"

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"கப்பலுக்கு அடியில பாசி சுரண்டுறதுதான் நுஸ்ரி. பெரிய ஆழமில்ல. களஞ்சியத்து வேலை ஒரு மாசத்தோட இல்லாமப் போச்சு. வெறுங்கையோட வரச் சொல்றியா?"

"ஓம். வெறுங்கையோட வாங்கோ. அல்லாஹ்மேல சத்தியம் பண்ணினீங்களே!"

"ஒப்பந்தம் முடியட்டும். வாறன்."

"இந்த ஸ்பீக்கர் எந்தக் காசில வாங்கினது?"

அவன் போனை வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து குரல் வரவில்லை. அழைத்தால் எடுப்பதில்லை. எழுத்து மட்டும் வந்தது. சுகம். சாப்பிட்டியா. எழுத்துக்கு அடியில் எந்தச் சத்தமும் இல்லை. 'குரல் அனுப்புங்கோ, சின்னதிலயே கேக்கிறன்' என்று அவளும் எழுதிப் பார்த்தாள். சின்னதில் பழைய குரல்களைப் போட்டும் பார்த்தாள். அதில் அவன் மட்டும்தான் பேசினான். ஆனால் அவள் காதுக்கு இப்போது அதிலும் இடி கேட்டது. தைத்த சட்டையில் கை ஒரு பக்கம் இறங்கிப்போக, பிரித்துத் திரும்பத் தைத்தாள்.

"சும்மா இருந்த மனிசியை இந்தப் பெட்டி கெடுத்துப்போட்டுது," என்றாள் நசீறா.

"பெட்டி என்ன செய்யும் ராத்தா. அவர் இறங்கிறதை நிப்பாட்ட எனக்கு வழி தெரியேல்லை."

மாரி வந்து போனது. நோன்பும் போனது. பிறகு எழுத்தும் குறைந்தது. அடுத்த மாரி தொடங்கி, முற்றத்தில் தண்ணீர் கட்டி நின்ற ஒரு காலையில் செய்தி வந்தது.

'செவ்வாய்க்கிழமை கட்டுநாயக்கா ஏர்போட்டுக்கு வாறன். வேன்காரனைப் பின் சீற்றைக் கழட்டிப்போட்டு வரச் சொல்லு. எனக்கு நிமிந்து இருக்கேலாது, படுத்துத்தான் வரவேணும்.'