போத்தலில் இருந்த பெயர்

நான் ஆய்வுகூடத்தில் சளி பரிசோதிப்பவள். ஜெயபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மா, இருமும் மகளின் சளி என்று சொல்லி ஒரு போத்தலைத் தந்துவிட்டுப் போனார்.

கண்ணாடித் தகட்டில் சளியைப் பூசி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்கி, அமிலத்தால் கழுவினேன். அமிலம் பட்டால் மற்றதெல்லாம் வெளுத்துவிடும்; காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பை விடாது. வெளுத்தவை தெரிவதற்காகப் பிறகு நீலச் சாயம். நுணுக்குக்காட்டியில் நீல உடற்கலங்களுக்கு நடுவே சிவப்புக் கோடுகள் நிறையக் கிடந்தன.

டொக்டர் முடிவைச் சொன்னதும் அந்த அம்மா நேரே என்னிடம் வந்தார்.

"பிழையாய்ப் பாத்திட்டீங்கள், மிஸ். அவளுக்கு இருக்காது."

"நான் வடிவாய்ப் பாத்தனான் அம்மா," என்றேன் எரிச்சலோடு.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அது அவளின்ர சளி இல்லை, என்ர. அவளுக்குக் கலியாணம் பேசியிருக்கு. இந்த வருத்தம் இருக்கெண்டு தெரிஞ்சால் மாப்பிள்ளை வீட்டார் விட்டிட்டுப் போயிடுவினம். எனக்கு நெல்லு மில்லு வேலையில உமித்தூசியால வந்த இருமல்தானே எண்டு நினைச்சுக் குடுத்தனான்."

அப்படியானால் நோய் அவருக்குத்தான். ஆனால் அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப அவளுக்கு ஒண்டுமில்லைத்தானே, மிஸ்?"

விசாரித்தேன்; தாயும் மகளும் படுப்பது ஒரே அறையில், மகளுக்கும் தொற்றியிருக்கலாம். மகளின் பெயரை எழுதிப் புதிய போத்தல் ஒன்றை நீட்டினேன். அதை வாங்க அவர் கை நீளவேயில்லை.

இப்போதெல்லாம் போத்தலில் உள்ள பெயரை வாசித்த பிறகு, கொண்டுவந்தவர் இருமுகிறாரா என்றும் காது கொடுக்கிறேன்.