பத்தேகால் மணி ஜெபம்

காலை ஆறு மணிக்குக் சென்னை கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே எனக்குக் கோபம். திசையன்விளையிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. அதைவிடப் பெரிய கோபம் என் அண்ணன் மகள் எஸ்தர்மேல். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாற்பது நாளும் எங்கள் சபையில் சங்கிலி ஜெபம் உண்டு. விடியற்காலை முதல் படுக்கும்வரை ஆளுக்குப் பத்து நிமிடம், அவரவர் இருக்கிற இடத்தில் ஜெபிக்க வேண்டும். ஒருவர் முடிக்க அடுத்தவர் தொடங்குவார், நடுவில் அறக்கூடாது. யாருக்கு எந்த நேரம் என்று பட்டியல் எழுதுகிறவள் நான். எஸ்தருக்குப் பத்தேகால். போன வாரம் போன் பண்ணி, "அத்தை, என் பேரை எடுத்துருங்க" என்றாள். காரணம் கேட்டதும் போனை வைத்துவிட்டாள். கர்த்தருக்குப் பத்து நிமிஷம் கொடுக்க வலிக்கிறதா என்று நேரில் கேட்கத்தான் கிளம்பினேன்.

ஆறே முக்காலுக்கு வண்டலூரில் டவுன் பஸ். பெண்களுக்குக் காசில்லை. ஒரகடம் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். படப்பை தாண்டியதும் எதிரே கம்பெனி பஸ்களாகவே வந்தன. ராத்திரி ஷிப்ட் முடிந்த பிள்ளைகள் வாய் பிளந்து கண்ணாடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். "இன்னா ஆன்ட்டி, பொண்ணு கம்பெனியில கீதா?" என்றார் கண்டக்டர். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். "வேற எதுக்கு இங்க வருவாங்க" என்று போய்விட்டார்.

எட்டு மணிக்கு ஒரகடத்திலிருந்து மாத்தூருக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். எஸ்தர் ஆறு மணி ஷிப்டுக்குப் போயிருந்தாள். ஐந்து பெண்கள் இருக்கும் ஒற்றை அறை, சாவி பக்கத்து வீட்டில். காலையில் ஒருத்தி பாய் சுருட்ட, ராத்திரி ஷிப்ட் முடித்த இன்னொருத்தி விரிப்பாள் போலிருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு ஒரு மூலையில் முழங்காலிட்டு என் நேரத்தை முடித்தேன். பன்னிரண்டு என் நேரம், பதினோரு வருஷமாக. எவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பானேன்.

மூன்று மணிக்குக் கம்பெனி பஸ் நிற்கும் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். எஸ்தர் இறங்கினாள், கூடவே ஒரு பெண். புவனா, வல்லக்கோட்டைக்காரி, இருவருக்கும் ஒரே லைன், காருக்கு ஒயர் கட்டுகிற வேலை. எஸ்தர் இளைத்திருந்தாள். அதைக்கூட நான் கேட்கவில்லை. மூன்று டீ சொல்லிவிட்டு, அந்நியப் பெண் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"சங்கிலி உன்னாலதான் அறணுமா? டீ குடிக்க நேரம் இருக்கு, ஜெபிக்க இல்லையோ?"

புவனாதான் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"ஆன்ட்டி, லைன விட்டு நம்ம இஷ்டத்துக்கு நவுர முடியாது. நாப்பது பேருக்கு ஒரே கார்டு. அத கழுத்துல மாட்டினாதான் பாத்ரூம் போலாம், ஏழு நிமிஷம். அவ தெனமும் பத்தேகாலுக்கு அத எடுத்துக்கினு போய், பாத்ரூம்ல நின்னுக்கினே கெடச்ச நேரம் பிரேயர் பண்ணுவா."

"சரி, அதுக்கென்ன?"

"போன வாரம் எனக்குத் தலைக்கு ஊத்திக்கிற நாளு. முன்னாடியே வந்துடுச்சு. கார்டு அவகிட்ட. நான் நின்னுக்கினே இருந்தேன். பேன்ட்டெல்லாம் ஆயிப்போச்சு. சூப்பர்வைசர் அத்தினி பேர் முன்னாடி, 'வூட்ல ஒண்ணும் சொல்லித் தரலையா'ன்னு கேட்டாரு." கிளாஸை மறுபடி எடுத்து, "சாமி கும்புடறது தப்புன்னு சொல்லல ஆன்ட்டி. கார்டு ஒண்ணுதான கீது" என்றாள்.

நாற்பது பெண்களுக்கு ஒரு கார்டு வைத்தவன் எவன் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவனைத் திட்ட வாயெடுத்தபோது எஸ்தர் மெதுவாகச் சொன்னாள்: "பன்னெண்டு மணிக்கு எங்களுக்குச் சாப்பாட்டு பிரேக். உங்க நேரத்த மாத்திக் குடுங்கன்னு அப்பவே கேட்டேன்லா அத்தை?"

கேட்டாள். லெந்து தொடங்குவதற்கு முன்பே கேட்டாள். பதினோரு வருஷ வழக்கத்தை உனக்காக மாற்றவா என்று போனிலேயே வெட்டிவிட்டேன். மறந்தும் போய்விட்டேன். புவனாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க ஆன்ட்டி" என்றாள், டீயைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் எஸ்தருக்கு வார விடுமுறை. பஸ் ஏற்றிவிட வந்தாள். பதினொன்றரைக்கு ஒரகடத்தில் நின்றோம். "பன்னெண்டு மணிய இனி நீ எடுத்துக்க பிள்ளை. இன்னைக்கே எழுதிருதேன்" என்றேன்.

"வேண்டாம் அத்தை. அந்த நேரத்துல நான் சாப்பிட்டுக்கிடுதேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். பையை எடுத்துக் கொடுத்தாள், பஸ் நகர்ந்ததும் திரும்பி நடந்தாள்.

படப்பையில் மணி பன்னிரண்டு. ஊரில் இந்நேரம் உலையில் அரிசி போட்டு அடுப்பைத் தணித்துவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பேன். யார் தட்டினாலும் பத்து நிமிடம் வெளியே நிற்பார்கள். என் ஜெபத்துக்கு ஊர் காத்திருப்பது எனக்கு ஒரு நாளும் உறுத்தியதில்லை. பஸ்ஸில் கண்ணை மூடினேன். லைனில் நகர முடியாமல் நிற்கும் புவனாதான் தெரிந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. பத்து நிமிடமும் அப்படியே போயிற்று. அன்று சங்கிலியை அறுத்தவள் நான்.