சட்டி விரதமும் வன்கூவர் ரயிலும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஐப்பசி மாதம். கந்தசட்டி விரத நாட்களில் ரொறன்ரோவில் இருந்து வன்கூவருக்கு நான் தனியே ரயிலில் போனேன்.

அப்போது ரொறன்ரோவில், வோபர்ன் பக்கம் மகனோடு இருந்தேன். மகள் வன்கூவரில். அவளுக்குக் கலியாணம் முடித்துக் கன வருஷமாகப் பிள்ளை இல்லை. அந்த வருஷம்தான் முருகன் கண் திறந்தான். பிள்ளைப்பெறு நேரம் பக்கத்தில் இருப்பேன் என்று டெலிபோனில் சொல்லிவிட்டேன். பிளேனில் ஏறினால் எனக்குக் காது வெடித்துவிடும் போல இருக்கும். கொழும்பிலிருந்து வந்தபோது பட்டபாடு போதும், ரயிலில்தான் போவேன் என்று நின்றுவிட்டேன்.

"மாமி, ரயிலுக்கை விரதம் எப்பிடிப் பிடிப்பியள்? இந்த முறை விடுங்கோவன்" என்றாள் மருமகள்.

"தா தா எண்டு இவ்வளவு வருஷமாக் கேட்டுப்போட்டு, தந்த உடனை ஆளை மறக்கிறதோ?" என்று கேட்டேன்.

மகன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "நீர் சும்மா இரும். அது அம்மாவுக்கும் முருகனுக்கும் இடையிலை உள்ள கதை. நான் ஏத்திவிடேக்கை ரயில் ஆக்களிட்டைச் சொல்லிவிடுறன்."

சொல்லவில்லை. ஸ்ரேசனில் ஒரே சனம். பையைப் பிடிங்கோ, கோட்டைப் பூட்டுங்கோ, இடையிலை இறங்கிப்போடாதேங்கோ என்று எனக்கு ஆயிரம் சொன்னவன், அவர்களுக்கு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டான்.

ரயில் என்றால் அப்படி ஒரு ரயிலை நான் கண்டதில்லை. வெளியே முழுக்கச் சில்வர் பாத்திரம் மாதிரி மினுக்கம். எங்கள் பெட்டியில் பகலில் இரண்டு பேர் முகம் பார்த்து இருக்கிற அகலமான சீற். பொழுதுபட்டதும் பெட்டிக்குப் பொறுப்பான நெட்டை மனிதர் வந்து, அந்தச் சீற்றுகளை இழுத்து ஒன்றாக்கி மெத்தை விரித்தார். மேலே கூரையில் இருந்து இன்னொரு கட்டிலும் இறங்கியது. சுற்றிவரத் தடித்த திரை. உள்ளே படுத்தால் அலுமாரிக்குள் படுத்த மாதிரி இருக்கும்.

என் முன்சீற்றில் தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு கிழவி. என் வயதுதான் இருக்கும். உக்ரேன் நாட்டு மனுசி என்று பிறகுதான் தெரிந்தது. அவவின் இங்கிலீசும் கொஞ்சம். என்னுடையதோ யேஸ், நோ, தாங்க்யூ, இன்னும் ரண்டொரு சொல். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிழையாக ஏதும் சொல்லி ஆட்கள் சிரித்துப்போடுவார்கள் என்ற பயத்தில், தமிழ்க் கடையிலேயே குரல் எழும்பாமல் சாமான் கேட்கிறவள். அதனால் இரண்டு பேரும் ஆளை ஆள் பார்த்துத் தலையை ஆட்டியபடி போனோம்.

ரிக்கற்றோடு சாப்பாடும் சேர்த்தி. மத்தியானம் நெட்டையர் வந்து சாப்பாட்டுப் பெட்டிக்குக் கூப்பிட்டார். "நோ, தாங்க்யூ" என்றேன். இரவும் கூப்பிட்டார். "நோ, தாங்க்யூ." என் விரதம் பகலில் தண்ணீர், பொழுதுபட ஒரு கோப்பை பால். கொண்டுவந்த அந்தப் பாலையும் வெட்கத்தில் திரைக்குள் இருந்து குடித்ததால் ஒருவரும் காணவில்லை. அடுத்த நாள் காலையும் நோ, தாங்க்யூ என்றதும் நெட்டையரின் முகம் மாறியது. கிழவி தன் பையில் இருந்து ஒரு பாண் துண்டை எடுத்து "ஈற், ஈற்" என்று என் மடியில் வைத்தா. நான் கும்பிட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அதோடு விட்டிருப்பார்கள். ஆனால் முகம் கழுவிக்கொண்டு வரும்போது ரயில் ஒரு வளைவில் திடீரென்று சாய, நான் நிலைதவறிக் கிழவியின் மடியில் போய் இருந்துவிட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பெட்டி முழுக்க, மனுசி பசியில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று எழும்பி நின்றது. தொப்பி போட்ட ரயில் காட் ஓடி வந்தார். கையில் இருந்த ரேடியோவில் பேசினார். அதில் 'ஹொஸ்பிற்றல்' என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது.

சுற்றிவரக் காடாக இருந்த ஒரு சின்ன ஊரில் ரயில் நின்றது. கறுத்தப் பையோடு ஒரு நேர்ஸ் ஏறினா. நெட்டையர் என் பையைத் தூக்கிக் கொண்டுபோய்க் கதவடியில் வைத்தார். அப்போதுதான் என்னை இறக்கப்போகிறார்கள் என்று விளங்கியது. அடுத்த ரயில் எப்போது வருமோ தெரியாது. மகள் அங்கே தனிய. இல்லையென்றால் அந்தப் பாண் துண்டை வாங்கி வாயில் போடவேண்டும். ஒரு வாய்தான். ஆனால் அவளுக்காகப் பிடித்த விரதத்தை, அவளுக்குப் பிள்ளை கிடைக்கமுன் இடையில் எப்படி முறிப்பேன்?

நேர்ஸ் கையில் பட்டி கட்டி பிறசர் பார்த்தா. நான் எழும்பினேன். எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது. கைப்பையில் இருந்த முருகன் படத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் காட்டினேன். பிறகு வயிற்றுக்கு முன்னால் இரண்டு கையாலும் பெரிதாக வளைத்துக் காட்டி, "பேபி" என்றேன். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினேன்.

நேர்ஸ் என் வயிற்றைப் பார்த்தா. என் நரைத்த தலையைப் பார்த்தா. திரும்ப வயிற்றைப் பார்த்தா. காட் மனிதரின் முகம் செவ்வரத்தம்பூவாகச் சிவந்துவிட்டது. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் ரயிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

மகளுக்கு என்று சொல்ல, "நோ, நோ. டோற்றர். வன்கூவர்" என்று கத்தினேன். அவ்வளவு பலமாக நான் வாழ்க்கையில் கத்தியதில்லை.

முதலில் சிரித்தது கிழவிதான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுத்தில் கிடந்த சிலுவையை எடுத்து என் முருகன் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தா. தானும் வாயைப் பொத்திக் காட்டினா. "கிறிஸ்மஸ், நோ ஈற்" என்றா. அவையளுக்கும் நத்தாருக்கு முன்னம் நோன்பு இருக்காம். பிறகு இடுப்பில் கை வைத்து, காட் மனிதரைப் பார்த்து ஒரு பிடி பிடித்தா. என்ன சொன்னாவோ தெரியாது, மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார். நேர்ஸும் சிரித்தபடி, பிறசர் நல்லாயிருக்கு என்கிற மாதிரிப் பெருவிரலைக் காட்டினா. ஆனால் பகலில் இடைக்கிடை ஏதும் குடிக்கவேண்டும் என்று கோப்பை மாதிரிக் கையைப் பிடித்துக் காட்டி உறுதி வாங்கினா. என் பை கதவடியில் இருந்து திரும்பி வந்தது.

அதன்பிறகு நான் அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரி மாதிரி. நெட்டையர் நேரம் தவறாமல் சுடுதண்ணியில் தேசிக்காய்ப் புளியும் தேனும் விட்டுக் கொண்டுவந்து, குடித்து முடியும்வரை நின்று பார்ப்பார். தேன் முருகனுக்கு உகந்ததுதானே என்று நானும் குடித்தேன். மற்றவர்கள் என் முன்னால் ஒன்றும் தின்பதில்லை. பக்கத்துச் சீற்றில் இருந்த பெரிய உடம்புக்காரர் பொழுதுபடத் திரைக்குள் போய் இருந்து சிப்ஸ் தின்றார். கறுக் கறுக் என்று சத்தம் கேட்கும். கிழவியும் நானும் வாயைப் பொத்திச் சிரிப்போம்.

கிழவி என் கையைப் பிடித்து, கண்ணாடிக் கூரை போட்ட பெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனா. படியேறி மேலே இருந்தால் ரயிலின் முதுகு முழுக்கத் தெரியும். ஒரு நாள் முழுக்க வெட்டின கோதுமை வயல். அடுத்த நாள் பனி மூடிய மலை. நான் "முருகா" என்பேன். அவ தன் பாஷையில் ஏதோ சொல்லுவா. இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

விரதம் முடிக்கிற பாறணை நாள் ரயிலிலேயே விடிந்தது. இன்னும் ஒரு நித்திரை, பிறகு சாப்பாடு என்று முதல் நாளே கையால் சொல்லி வைத்திருந்தேன். ரயிலுக்குள் குளிக்கவும் இடம் இருந்தது. ஆடிக்கொண்டே தலைமுழுகி, திருநீறு பூசிச் சாப்பாட்டுப் பெட்டிக்குப் போனேன். வெள்ளைத்துணி விரித்த மேசை, சின்னக் கிண்ணத்தில் பூ. குசினியில் இருந்து வெறும் சோறும் அவித்த போஞ்சிக்காயும் ஒரு வாழைப்பழமும் வந்தன. கிழவி போய்ச் சொல்லிச் செய்வித்தது. மேசையில் இருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நான் தொடங்கும்வரை பார்த்திருந்தார்கள். கையால் தின்ன வெட்கமாகத்தான் இருந்தது. தின்றேன். போஞ்சியில் உப்பில்லை. கிழவி பைக்குள் இருந்து ஊறப்போட்ட வெள்ளரிக்காய்ப் போத்தல் ஒன்றை எடுத்துத் தந்தா. அந்தப் புளிப்பு உச்சந்தலைக்கு ஏறியது. அதைவிட ருசியான பாறணை நான் சாப்பிட்டதில்லை.

வன்கூவரில் மருமகன் வந்து நின்றார். நெட்டையர் பையை இறக்கிக் கொடுத்து அவரிடம் ஏதோ சொன்னார். மருமகன் சிரிப்பை அடக்கமுடியாமல் என்னிடம் வந்தார்.

"மாமி, பிள்ளை ஆருக்கு எண்டு கேக்கிறார். எங்களுக்கோ, உங்களுக்கோ?"

கிழவி என்னைக் கட்டிப்பிடித்து, என் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனா. பெயர் கேட்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நான் அவ்வளவு அவதிப்பட்டுப் போயும், பேத்தி ஆறுதலாக இன்னும் கொஞ்ச நாள் கழித்துத்தான் பிறந்தாள்.

இப்போதும் பாறணைக்கு என் இலையில் உப்பில்லாத போஞ்சி கொஞ்சம் வைப்பேன். ஆட்கள் சிரித்துப்போடுவார்கள் என்று வாயே திறக்காமல் இருந்த என்னை, அண்டைக்குச் சிரித்த அந்த ஆட்கள்தான் என் மகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்று அதைத் தின்னும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.