றொக்ஸ் நடைப்பயணத்தில் அக்காவுக்கு விலங்கு பூட்டிய பிற்பகல்

மன்னாரிலிருந்து அக்கா ஐந்து வாரங்களுக்குச் சிட்னி வந்திருந்தார். நாங்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்துப் பதின்மூன்று வருடங்களாகியிருந்தன. நான் அகதியாகப் படகில் வந்தவன். நிரந்தர விசா கிடைத்த பிறகுதான் அவரைக் கூப்பிட முடிந்தது. ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில் துறைமுகப் பக்கம் கூட்டிக்கொண்டு போக நினைத்தேன். படகுச் சவாரி வேண்டவே வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த வினை.

இணையத்தில் தேடியபோது ‘இருண்ட மத்தியகால வரலாறு: வேடமணிந்த நடைப்பயணம்’ என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. இடம், பழைய நகர்ப்பகுதியான றொக்ஸ். இரண்டு மணி நேரம், தலைக்கு நாற்பத்தைந்து டொலர். சிட்னியில் ஏது மத்தியகாலம்? வெள்ளைக்காரர் கப்பலில் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கி இருநூற்றைம்பது வருடம்கூட ஆகவில்லை. பணம் கட்டுமுன் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

லிட்கம் நிலையத்துக்கு ஒரு மணிக்குப் போனால், தண்டவாள வேலையாம், ரயிலுக்குப் பதில் பஸ். வழக்கமாக நாற்பது நிமிடத்தில் போய்விடும் துறைமுக நிலையமான சேர்க்குலர் கீக்கு அன்று ஒரு மணி இருபது நிமிடம் பிடித்தது. அங்கிருந்து பத்து நிமிட நடை. இரண்டரை மணிக்குத் தொடங்கும் நடைக்கு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தோம். வழிகாட்டி அதற்குப் பிறகும் இருபது நிமிடம் கழித்துத்தான் வந்தார்.

இருபத்தைந்து வயதிருக்கும். முழங்கால்வரை கறுப்புக் கோட்டு, முகத்தில் கொக்கு மூக்கு வைத்த தோல் முகமூடி. கொள்ளைநோய்க் காலத்து வைத்தியராம். ஆளுக்கொரு முக்காட்டு அங்கி தந்து, போடுவது கட்டாயம் என்றார். அக்கா அதை முகர்ந்து பார்த்தார்.

“தம்பி, இது தோய்ச்ச உடுப்போ? நனைஞ்ச நாய் மாதிரி மணக்குது.”

“கொஞ்ச நேரம்தானே அக்கா, போடுங்கோ.”

“உனக்கு விசர்” என்று சொல்லிக்கொண்டே போட்டார்.

நாங்கள் பதினொரு பேர். எங்கள் இருவரைத் தவிர மற்றவர்கள் பிரிஸ்பேனிலிருந்து வந்த ஒரு பிறந்தநாள் கூட்டம். எதற்கெடுத்தாலும் சிரித்தார்கள்.

முதல் நிறுத்தத்தில் வழிகாட்டி சக்கரத்தில் கட்டி எலும்பு முறிக்கும் தண்டனையை நடித்துக் காட்டினார். இது எந்த இடத்தில் நடந்தது என்று கேட்டேன். ஐரோப்பாவில் என்றார். இங்கே? இங்கே இல்லை, ஒரு சூழலை உண்டாக்கச் சொன்னேன் என்றார். கப்பல்கள் வருமுன்பே இந்தக் கரையில் வாழ்ந்த கடிகல் மக்களுக்கு அவர் ஒதுக்கியது ஒரே ஒரு வரி. இல்லாத சக்கரத்துக்குக் கால் மணி நேரம்.

பிறகு படிகள். விளம்பரத்தில் ‘இலகுவான நடை’ என்றிருந்தது. கைதிகள் கையால் வெட்டிய ஆர்கைல் பாறைவெட்டுக்குப் பக்கத்தில் ஏறினோம், இறங்கினோம், மறுபடி ஏறினோம். உண்மையில் பார்க்க வேண்டிய இடம் அது. உளி விழுந்த தடங்கள் சுவரில் இன்னும் தெரிகின்றன. அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை ஏறும்போது அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். “எனக்கு முழங்கால் ஏலாது. ஒரு கதிரை கிடைக்குமோ எண்டு அவனைக் கேள்.” கேட்டேன். கதிரை இல்லையாம், அடுத்த நிறுத்தத்தில் குற்றவாளிக் கூண்டு இருக்கிறதாம், சாய்ந்துகொள்ளலாமாம்.

மூன்றாவது நிறுத்தம் கல் பாவிய ஒரு முற்றம். அங்கே போலி விசாரணை. குற்றவாளியாக நடிக்க ஒருவர் வேண்டும். பிறந்தநாள் கூட்டத்தில் எட்டுக் கைகள் உயர்ந்தன. வழிகாட்டி அக்காவைத்தான் தேர்ந்தெடுத்தார். நான் மறுக்க வாயெடுப்பதற்குள் மணிக்கட்டில் இரும்பு விலங்கைப் பூட்டிவிட்டார். ஒரு கைக்குட்டை திருடிய குற்றம். கடலுக்கு அப்பால் ஏழு வருடம். தீர்ப்பு வாசித்து முடித்து, கடைசியாகச் சொல்ல ஏதும் உண்டா என்று கேட்டார். எல்லோரும் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான் மொழிபெயர்த்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. “இப்பிடிக் கப்பல்ல ஏத்தின ஆக்கள் வீட்டுக்குக் கடிதம் போட்டவையோ எண்டு கேள்.”

கேட்டேன். வழிகாட்டி முகமூடியை நெற்றிக்கு மேல் தள்ளினார். அன்று முதன்முறையாகச் சாதாரணக் குரலில் பேசினார். பலருக்கு எழுதத் தெரியாது. தெரிந்தவர்கள் எழுதினாலும் போய்ச் சேரப் பல மாதங்கள் ஆகும். எத்தனையோ வீடுகளில் ஆள் செத்துவிட்டதாகவே நினைத்திருப்பார்கள். இதை நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். “உனக்கு எழுதத் தெரியுமே தம்பி.”

கூட்டம் மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தது. ஒன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, விலங்கைக் கழற்றச் சொன்னேன். சாவி தேட இரண்டு நிமிடம் எடுத்தார் அந்த மனிதர்.

இன்னும் நாற்பது நிமிடம் மிச்சமிருந்தது. அங்கிகளைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். தண்ணீரோரமாக ஒரு வாங்கில் உட்கார்ந்தோம். துறைமுகப் பாலம் எதிரே இருந்தது. படம் எடுக்கவேண்டும் என்ற நினைப்பு இருவருக்கும் வரவில்லை.

“ரெண்டு நாளில வாறன், நீர்கொழும்பில வேலை எண்டு சொல்லிப்போட்டுப் போனனி” என்று அக்கா தொடங்கினார். “ஏழு மாசம் ஒரு சத்தமுமில்லை. ஆறாம் மாசம் மாதா கோயிலில உனக்குப் பூசை குடுத்தனான். செத்தவைக்குக் குடுக்கிற பூசை.”

எனக்கு அது தெரியாது. பதின்மூன்று வருடமாகத் தொலைபேசியில் மழை, மருந்து, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் பேசியிருக்கிறோம். இதைப் பேசியதில்லை.

“உன்னைப் பிடிச்சு வைச்ச முகாமில போன் இருந்ததோ?”

“இருந்தது அக்கா.”

“பிறகேன்?”

சொன்னேன். ஊருக்குத் திரும்பிப் போகச் சம்மதம் என்று முகாம் அதிகாரிகள் ஒரு தாள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் கேட்பார்கள். “உங்கட குரலைக் கேட்டிருந்தா அண்டைக்கே கையெழுத்து வைச்சிருப்பன். அதுதான் எடுக்கேல்ல.”

அக்கா ஒரு பெரிய சுற்றுலாப் படகு கரை விட்டுப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரியான மடையன்” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினார். லிட்கம் வந்து சேரும்வரை கையை விடவில்லை. முழங்கால் வலி என்றார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. றொக்ஸைப் பார்க்க வழிகாட்டி தேவையில்லை. சனி, ஞாயிறு என்றால் கிளம்புமுன் ரயில் ஓடுகிறதா என்று பாருங்கள். படிகள் நிறைய, முழங்கால் வலியுள்ளவர்களுக்கு மேட்டுத் தெருக்களைத் தவிர்த்துக் கரையோரமாகவே நடக்கலாம், உட்கார வாங்குகள் உண்டு. மீன், பொரித்த உருளைக்கிழங்கு ஒரு தட்டு இருபத்திரண்டு டொலர், பறவைகளுக்கும் பங்குண்டு. ஊரிலிருந்து வருபவர்களோடு போனால், அட்டவணையில் இரண்டு மணி நேரத்தை வெறுமையாக விடுங்கள். நான் ஐந்து வாரத்தையும் இடங்களால் நிரப்பி வைத்திருந்தேன். அக்காவுக்கு எதிரே உட்கார எனக்குப் பயம் என்று இப்போது தெரிகிறது.

மூன்று நாள் கழித்து நடைப்பயண நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல். எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? நான் ஒன்றைத் தட்டிவிட்டு, ஏன் என்று நீளமாக எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா குசினியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

“அந்த முகமூடிப் பொடியன் கடைசியா ஏதும் சொல்ல இருக்கோ எண்டு என்னைக் கேட்டிராட்டி நீ வாய் திறந்திருப்பியோ?”

“இல்லை.”

“அப்ப அஞ்சு போடு.”

போட்டேன்.