மூக்குக்குப் பிடித்த ஆவி

குரல்வளையை எடுத்த பிறகு என் வீட்டுக்காரர் கழுத்திலுள்ள ஒரு துளை வழியாகத்தான் மூச்சு விடுகிறார். ஸ்ரீரங்கத்தில் பால் வாங்கும் இடத்தில்கூட இதை விளக்கிச் சொன்னவள் நான். அப்படியிருந்தும் அந்தக் கூத்து நடந்தது.

வெயில் காலம். சளி காய்ந்து துளைக்குள் பொருக்குத் தட்டி, ஓயாத வறட்டு இருமல். நெஞ்சு தெளிந்தால்தான் பேச்சு வால்வு வைப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கோ அந்தக் குரலைத் திரும்பக் கேட்டே ஆக வேண்டும். இருப்புக் கொள்ளவில்லை.

ஜீயபுரத்திலிருந்து என் தங்கை பை நிறைய நொச்சி இலையோடு வந்து இறங்கினாள். சளி என்றால் எங்களுக்கு வேறு யோசனையே கிடையாது. கொதிக்கிற பாத்திரத்தின் முன் அவரை உட்காரவைத்துப் போர்வையால் தலையை மூடினோம். துளையில் சூடு படக் கூடாதென்று போர்வையைத் தாடைக்குக் கீழே நானே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அத்தனை புத்திசாலித்தனம்!

"நல்லா இழுத்து விடுங்க மாமா!" என்றாள் தங்கை.

உள்ளே இருந்தவர் கையை ஆட்டினார். தரையைத் தட்டினார்.

"சின்னப் பிள்ளையாட்டம் அடம் பிடிக்காதீங்க," என்று அதட்டினேன். "உங்க நல்லதுக்குத்தானே பண்றோம்!"

போர்வையை வீசியெறிந்தார். என் கையைப் பிடித்துத் தன் மூக்கின் முன் வைத்தார். காற்றே இல்லை. அதே கையைக் கழுத்தருகே கொண்டுபோனார். வெதுவெதுவென்று மூச்சு பட்டது. நானும் தங்கையும் திருதிருவென்று விழித்தோம். அவர்தான் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உப்பு நீரைப் பனிபோல ஆக்கும் மெஷினைத் துளையருகே பிடிக்கச் சொன்னார்கள். மற்ற நேரத்துக்கு ஒரு பஞ்சு மூடி. வெளியே போகிற மூச்சின் ஈரத்தைப் பிடித்துவைத்து, உள்ளே போகிற காற்றுக்குத் தருமாம். சில நாளில் பொருக்கு இளகி, ஒரே இருமலில் வெளியே வந்து விழுந்தது. சளியைப் பார்த்துக் கைதட்டிய குடும்பம் திருச்சியிலேயே நாங்களாகத்தான் இருக்கும்.

வால்வும் வைத்தாயிற்று. மூச்சு வால்வு வழியாக வாய்க்கு ஏறும்படி, துளைமேல் இருக்கும் மூடியை விரலால் அழுத்திக்கொண்டு பேசச் சொன்னார்கள். நான் விடுவேனா?

"மெதுவா சொல்லுங்க! ரங்கான்னு சொல்லுங்க! வேணாம், என் பேரைச் சொல்லுங்க! தொண்டையை இறுக்காதீங்க, பயப்படாதீங்க…"

அவர் மூடியை அழுத்தினார். கரகரப்பாக, ஆனால் அதே பழைய தோரணையில் குரல் வந்தது.

"என்னைக் கொஞ்சம் பேச விடுறியா?"

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். வீடு திரும்பும்போது பஸ்ஸில் நான் வாயே திறக்கவில்லை. காவிரிப் பாலம் தாண்டும்வரை, நிறுத்தி நிறுத்தி, அவரே பேசிக்கொண்டு வந்தார்.