எனக்குத் திறக்காத பூட்டு

பூட்டுக்காரன் பழகுவது திறப்பதற்கு. கொஞ்ச நாளாக நான் பழகியது, திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் என் கடை. மத்தியானம் ஆள் வராத நேரத்தில் ஒரு கதவுப் பூட்டை வைஸில் இறுக்கிவிட்டுக் கம்பியை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பூட்டு திறந்துகொண்டால் எனக்கு வயிறு எரியும். சனியனே, நீயும் அவ்வளவுதானா என்று திட்டி அதைக் கழற்றி மூலையில் எறிவேன். பக்கத்து டீக்கடைக்காரர் இதைப் பார்த்துவிட்டு, அந்த வீட்டில் ஒருத்திக்குப் போனது போதாதென்று இவனுக்கும் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லித் திரிகிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

சாவியில்லாமல் திறப்பது ஒன்றும் மந்திரமில்லை. வளைந்த கம்பி ஒன்றைச் சாவித் துவாரத்தில் விட்டு, பூட்டு திரும்ப வேண்டிய பக்கமாக லேசாக அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொரு மெல்லிய கம்பியால் உள்ளே இருக்கிற தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். எந்தத் தகடு இறுகி நிற்கிறது, எது சும்மா ஆடுகிறது என்று விரல் நுனிதான் சொல்லும். கண்ணுக்கு அங்கே சோலியே கிடையாது. ஜீப்பு வைப்பர் ரப்பருக்குள் ஒரு எஃகுப் பட்டை இருக்கும். அதைத் தேய்த்துத்தான் நான் கம்பி செய்வேன். வளையும், ஒடியாது. கொஞ்ச நாள் பழகாமல் விட்டால் போதும், விரல் மந்தமாகிவிடும். வீட்டைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறவர்களுக்கு இதெல்லாம் புரியாது. முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இம்புட்டு நேரமா என்பார்கள்.

என் மனைவிக்கு மட்டும் புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனவள். விடியுமுன் தெருமுனைக்கு ஜீப்பு வரும். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையைச் சுற்றித் துண்டு, இடுப்பில் பிளாஸ்டிக் படுதா, கையில் தூக்குச்சட்டி. ஏலச் செடியில் காய் மேலே தொங்காது, அடியில் தரையோடு தரையாகக் கிடக்கும். இலைக்குள் கையை விட்டு, முற்றிய காயை மட்டும் பறித்துப் பிஞ்சை விட்டுவிட வேண்டும். அதற்கும் கண் உதவாது. கோடையில் காய் எடுப்பு இருக்காது. அந்த மாதங்களில் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், நான் சாப்பிடுகிற நேரத்தில் வைஸில் இருந்த பூட்டை நோண்டினாள். நோண்டி நோண்டிப் பழகிக்கொண்டாள். சில வருஷத்தில் என்னைவிட வெரசாகத் திறந்தாள். எங்கள் காயைவிடவா இது கஷ்டம் என்று கேட்டுச் சிரிப்பாள். எனக்கு ரோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் விரலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. முதலில் உப்பு போட்டதை மறந்தாள், அப்புறம் வீட்டுக்கு வழியை மறந்தாள், திருப்பூரில் இருக்கிற மகள் போன் செய்தால் யார் பேசுறீங்க என்று கேட்டாள். தேனியில் பார்த்த டாக்டர், இது திரும்பாது, இனிமேல் கூடத்தான் செய்யும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். நல்ல மனுஷன்தான், ஆனால் அன்றைக்கு அவரை எனக்குப் பிடிக்கவில்லை. பகலில் அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்வாள், இவளும் வைத்த இடத்தில் இருப்பாள். ஜீப்பு வரும் நேரம் ஒன்றுதான் அவள் உடம்பில் மிச்சமிருந்தது. அந்த நேரத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

போன ஆடியில் அது நடந்தது. நான் கண் விழித்தபோது கதவு திறந்து கிடந்தது, பாயில் அவள் இல்லை. தெருவுக்கு ஓடினேன். அவள் நேரே தெருமுனைக்குப் போய் ஜீப்பில் ஏறியிருக்கிறாள். இருட்டில், தலைத்துண்டு கட்டிய பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தியாக நெருக்கி உட்கார்ந்திருக்கும்போது டிரைவர் முகமா பார்ப்பான்? தலையை எண்ணுவான். கூட இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அக்காவுக்கு உடம்பு தேவலையாகிவிட்டது போல என்று சந்தோஷப்பட்டுத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களை என்ன சொல்ல முடியும்?

மேலே இறங்கியதும் மழை மூட்டத்தில் இவள் பாட்டுக்கு நடந்துவிட்டாள். யாருக்கும் தெரியவில்லை. நான் அடுத்த ஜீப்பைப் பிடித்து ஏறி, கொண்டை ஊசி வளைவெல்லாம் தாண்டி, எஸ்டேட் எஸ்டேட்டாகக் கேட்டுக்கொண்டு போனேன். சாயங்காலமாகிவிட்டது. ஓடையை ஒட்டிய காட்டில், வேறு யாரோ ஒருவருடைய ஏலச் செடிக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். அந்த எஸ்டேட்டின் மலையாள வாட்ச்மேன்தான் பார்த்தார். அந்தச் சேச்சிக்கு சுகமில்லையா என்று கேட்டார். இந்தப் பக்கம் யானை இறங்குகிற இடம், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்னாகியிருக்கும் என்றும் சொன்னார். குளிரில் அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. மடி நிறையக் காய். அதில் ஒரு பிஞ்சுகூட இல்லை.

மகள் போனில் அழுதாள். எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் அப்பு என்றாள். செத்தாலும் விடமாட்டேன் என்று கத்தினேன். ஆனால் இன்னொரு தடவை இவள் மலையேறினால் உயிரோடு கொண்டுவர முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் கதவுக்கு உள்ளேயும் சாவித் துவாரம் இருக்கிற பூட்டு ஒன்றைப் போட்டேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு படுத்தேன். வெளியே பூட்டினால் என்ன என்று கேட்கலாம். ராத்திரி நானும் உள்ளேதானே படுக்கிறேன்!

இரண்டாம் நாளே திறந்துவிட்டாள். நல்லவேளை, வாசல் படலில் சட்டை மாட்டிக்கொண்டது, பிடித்துவிட்டேன். கதவில் ஒரு ஊக்கும் கொண்டை ஊசியும் வளைந்து தொங்கின. அவள் தாலிக்கொடியில் எப்போதும் நாலைந்து ஊக்கு கோத்திருக்கும். தன் பெயர் தெரியவில்லை, என் பெயர் தெரியவில்லை, ஆனால் எந்தப் பக்கம் அழுத்த வேண்டும், எந்தத் தகட்டைத் தூக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. ஊக்குகளைக் கழற்றினேன். அடுத்த முறை தூக்குச்சட்டியின் கம்பிப் பிடியைப் பிடுங்கி வளைத்திருந்தாள். பூட்டை மாற்றினேன். தொங்கு பூட்டு ஒன்றை உள்தாழ்ப்பாளில் போட்டுப் பார்த்தேன். அதை நிமிஷத்தில் கழற்றித் தரையில் வைத்துவிட்டாள்.

அப்போதுதான் இந்தப் பழக்கம் ஆரம்பமானது. கடையில் கிடைக்கிற பூட்டையெல்லாம் வாங்கி வைஸில் மாட்டினேன். என் விரலுக்குத் திறக்காதது அவள் விரலுக்குத் திறக்காமல் இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. என்னை நானே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது என்று முழு மனதோடுதான் முயற்சி செய்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, வாழ்க்கையில் பழகாத பழக்கமாகப் பழகினேன். தோற்க வேண்டும் என்பதற்காக உயிரைக் கொடுத்து ஜெயிக்கப் பார்க்கிற கிறுக்குத்தனம்தான், வேறென்ன. ஒவ்வொன்றும் திறந்துகொண்டே இருந்தது. இத்தனை வருஷத்தில் என் கை இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. அதை நினைத்தாலே எரிச்சலாக வந்தது.

கடைசியில் மதுரையிலிருந்து ஒரு பூட்டு வாங்கிவந்தேன். அதில் தகட்டைத் தூக்கினால் ஏறிவிட்டது போலப் பாசாங்கு காட்டும். அடுத்ததைத் தொட்டால் எல்லாம் கீழே விழுந்துவிடும். நாள் கணக்கில் மல்லுக்கட்டினேன். புதுசு புதுசாகக் கம்பி தேய்த்தேன். அது அசையவே இல்லை. கடையிலேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு அதைக் கையில் எடுத்தேன். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு அதைக் கதவில் போட்டேன். இனிமேல் பயமில்லை என்று ஊக்குகளைத் திரும்ப அவள் தாலிக்கொடியிலேயே கோத்துவிட்டேன். வெறும் கொடியாக அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

விடியும் முன் அவள் எழுந்தாள். சட்டையை மாட்டினாள், துண்டைக் கட்டினாள், தூக்குச்சட்டியை எடுத்தாள். நான் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு ஊக்குகளை விரித்துத் துவாரத்தில் விட்டாள். தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, கடையில் அந்தக் காலத்தில் நின்ற மாதிரியே நின்றாள். தகடு ஏறுகிற சத்தம் கேட்டது. அடுத்த தகடு. பிறகு எல்லாம் விழுந்தது. மறுபடியும் ஆரம்பித்தாள். திறந்துவிடு புள்ள என்று எனக்குள் ஒரு குரல் கேட்டதை மறைத்து என்ன பிரயோசனம்? தெருமுனையில் ஜீப்பு ஹாரன் அடித்தது. அவள் கை அவசரப்பட்டது. ஒரு ஊக்கு உள்ளேயே ஒடிந்தது. ஜீப்பு கிளம்பிப் போகிற சத்தம் தேய்ந்து மறைகிறவரை கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு திரும்பி, அறையில் ஒரு ஆள் இருப்பதைப் பார்த்தாள். மரியாதையாகத் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டாள்.

"அண்ணே, கதவு மாட்டிக்கிருச்சு. எங்க வீட்டுக்காரரு பூட்டுக்காரருதான், பஸ் ஸ்டாண்டுகிட்ட கட. அவர வெரசா கூட்டியாங்கண்ணே. அவரு கை பட்டாத் தொறந்துக்கிரும்."

சாவி என் இடுப்பில் உறுத்தியது. நான் அவளிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

"அவரு பாத்துட்டாரு தாயி. அவராலயும் முடியல."

ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"அவருக்கு முடியாத பூட்டு கெடையாது. ஒங்களுக்கு அவரத் தெரியாதுண்ணே" என்றாள். சொல்லிவிட்டுக் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எனக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள்.