எல்லாத்துக்கும் ஏசி போடு

என் தங்கை கணவருக்கு அலுவலகத்தில் 'சந்தேகம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சந்தேகம், நேரில் சார். நான் மட்டும் மாப்பிள்ளை என்பேன். பெண்ணைக் கொடுத்தவன் வேறு எப்படிக் கூப்பிடுவது?

பெயர் ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை. சம்பந்தம் பேசும்போது எங்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்தார். பிறகு அந்த அக்கம்பக்கம் எப்படிப்பட்டது என்று இன்னொரு தெருவில் விசாரித்தார். பால் வாங்கினால் முகர்ந்து பார்ப்பார், காய்ச்சிய பிறகு மறுபடியும் முகர்வார். தெருமுனை வரை போய்விட்டு வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவார். "பூட்டினது நீங்கதானே?" என்று என் தங்கை கேட்டால், "பூட்டினது நான்தான். பூட்டிச்சா இல்லையான்னு பூட்டுதானே சொல்லணும்" என்பார். அதுதான் அவர் கொள்கை. மனுஷன் வாய் பொய் சொல்லும், பொருள் சொல்லாது. அதனால் மனிதர்களிடம் எதையும் கேட்க மாட்டார். கேட்டால் யாராவது காதில் பூச்சுற்றிவிடுவார்கள் என்று பயம்.

எங்களுடையது வரைபட அலுவலகம். சாலை, குழாய், கால்வாய் எது வந்தாலும் எங்கள் மேஜைகளில் கோடாக மாறித்தான் ஊருக்குள் போகும். நான் அங்கே வரைபவன். மாப்பிள்ளை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். வரையும் மென்பொருள் முழுக்க அந்தக் கண்ணாடி அறையில் இருக்கும் பெரிய இயந்திரத்தில் ஓடும். எங்கள் மேஜையில் இருப்பது வெறும் திரையும் அதற்கு ஒரு சின்னப் பெட்டியும். ஒவ்வொரு திரைக்கும் ஓர் எண். எந்த எண்ணைத் தட்டுகிறோமோ அந்தத் திரையில் படம் விரியும்.

அந்தத் திரைகளைக் காலையில் எழுப்பிவிடுவது ஒரே ஒரு வரிக் கட்டளை. மாப்பிள்ளை எழுதியது. வரியின் வாலில் சின்னச் சின்னக் கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னும் ஒரு சொல் ஒட்டியிருக்கும். எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும், சும்மா இருந்தால் திரை தூங்கலாமா கூடாதா, யார் கதவைத் தட்டினால் திறக்க வேண்டும் என்றெல்லாம் அந்தச் சொற்கள்தான் தீர்மானிக்கும். அந்த வரியை யாரும் தொட அவர் விட்டதில்லை. கருப்புத் திரையில் அதைத் திறந்தால் முதுகால் மறைத்துக்கொண்டுதான் உட்காருவார்.

இத்தனை காவல் இருந்தும் ஒரு நாள் மானம் கப்பலேறியது. புதுச் சாலைக்கான வரைபடம் இன்னும் மேலிடத்துக்கே போகவில்லை. அதற்குள் இடிபடப்போகும் தெருவின் ஆட்கள் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். எல்லார் செல்போனிலும் அந்த வரைபடத்தின் போட்டோ இருந்தது. "எங்க வீட்டு மேல கோடு போட்டுட்டு உள்ள உக்காந்து டீ குடிக்கிறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். நான் அப்போது உண்மையிலேயே டீதான் குடித்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "அந்தப் படத்தை யார் யார் திறந்தது?" என்று கேட்டார். மாப்பிள்ளை போய் இயந்திரத்திடம் கேட்டார். அது ஒரே ஒருவரைத்தான் காட்டியது.

"கண்ணாடியக்கா மட்டும்தான் சார்."

கண்ணாடியக்கா என் பக்கத்து மேஜை. தடித்த கண்ணாடி, அதற்கு ஒரு கயிறு, கழுத்தில் தொங்கும். ஒரு கோடு பிசகினால் முழுத் தாளையும் திரும்ப வரைகிற ரகம். எனக்கு வேலை கற்றுக்கொள்ளத் துப்பில்லாத நாட்களில் என் தப்பையெல்லாம் சத்தமில்லாமல் திருத்திவிட்டவர். இதில் கொடுமை என்னவென்றால் அக்கா குடியிருப்பதும் அதே தெருவில்தான். அதற்குமேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? விசாரணை முடியும்வரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். முடிவு எப்படி வரும் என்று எல்லாருக்கும் தெரிந்ததுதான், வேலை போய்விடும். அக்கா மேஜையைத் துடைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே தங்கை வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"மாப்பிள்ளை, அந்தக்கா செஞ்சிருப்பாங்கன்னு நீங்க நம்புறீங்களா?"

"நான் யாரையும் நம்புறதில்ல மச்சான். அது உங்களுக்கே தெரியும்."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா என்ன சொல்வாங்க? இல்லம்பாங்க."

தங்கை அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "பால்காரரைச் சந்தேகப்படறீங்க, பூட்டைச் சந்தேகப்படறீங்க. உங்க மெஷினை மட்டும் சந்தேகப்பட மாட்டீங்களா? அது என்ன, உங்க மாமியார் வீட்டுச் சீதனமா?"

மாமியார் வீட்டுக்காரனான நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அந்த வார்த்தை மாப்பிள்ளைக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அதற்குள் என் செல்போனுக்கும் வந்துவிட்டிருந்த அந்தப் போட்டோவைக் காட்டச் சொல்லி என்னிடம் கை நீட்டினார். அதுவரை அதை அவர் பார்க்கவே இல்லையாம். மனிதர்கள் எடுத்ததுதானே என்று விட்டுவிட்டாராம்.

பெரிதாக்கிப் பார்த்தார். கீழ் ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டார். வரைபடத்துக்கு அடியில் ஒரு சிவப்புப் பட்டை மெல்லியதாக எட்டிப்பார்த்தது.

"இது அக்கா திரை இல்ல மச்சான். நம்ம முன்கூடத்து டோக்கன் திரை."

முன்கூடம் என்பது பொதுமக்கள் காத்திருக்கும் இடம். சுவரில் பெரிய திரை, அதில் அடுத்து யார் முறை என்று சிவப்புப் பட்டையில் எண் ஓடும். அதுவும் எங்கள் திரைகளைப் போல ஒரு திரைதான். வெளியாள் பார்க்கும் திரை என்பதால் உள்ளேயிருந்து எதுவும் அதில் போய் விரியக் கூடாது, கதவு சாத்தியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை கண்ணாடி அறைக்குள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கிருந்தபடியே ஒரு குட்டிக் கடிகாரப் படத்தை முன்கூடத்துத் திரைக்கு அனுப்பிப் பார்த்தார். "அனுமதி இல்லைன்னு முகத்தில அடிக்கணும்" என்றார். அடிக்கவில்லை. வெளியே டோக்கன்காரர் குரல் கேட்டது.

"யாருய்யா இங்க கடிகாரம் வச்சது?"

மாப்பிள்ளை முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த வரியைத் திறந்தார், இந்த முறை முதுகால் மறைக்கக்கூட இல்லை. எல்லாத் திரைகளின் வரியிலும் வாலின் கடைசியில் அவர் எழுதாத ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு கோடு, இரண்டு எழுத்து: -ac.

"அப்படின்னா?"

"யார் வந்தாலும் கேள்வி கேக்காம உள்ள விடுன்னு அர்த்தம். வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்புற மாதிரி." தலையில் கை வைத்துக்கொண்டார். "கொஞ்ச நாளா அனுமதி இல்லைன்னு யாருமே புகார் சொல்லல. அப்பவே எனக்கு மூக்கு வேர்த்துது மச்சான். இவ்வளவு நல்லா ஒண்ணு ஓடுதுன்னா அதுல ஏதோ இருக்கணுமே."

வரி எப்போது மாற்றப்பட்டது என்று பார்த்தார். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று அவர் விடுப்பில் இருந்த நாள். அன்று அறையைப் பார்த்துக்கொண்டது ஆமாஞ்சாமி. எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர் என்பதால் அந்தப் பெயர். மாப்பிள்ளைக்குக் கண் சிவந்துவிட்டது. "வெளியாளுக்கு வித்துட்டான். அந்தத் தலையாட்டல்ல என்னமோ இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்று கிளம்பியவரை நான்தான் பிடித்து நிறுத்தி, "முதல்ல கேளுங்க மாப்பிள்ளை. பொறந்ததிலிருந்து ஒரு தடவையாவது கேட்டுப் பாருங்க" என்றேன்.

ஆமாஞ்சாமி வந்தார். வரியைக் காட்டியதும் முகம் மலர்ந்தது.

"ஆமா சார், நான்தான் போட்டேன். நீங்க சொன்னீங்களே."

"நான் சொன்னேனா? யாருக்கு காது குத்துற?"

"போன்ல சொன்னீங்க சார். பெட்டியெல்லாம் திரும்பக் கிளப்பினதும் ஏசி போட மறந்துடாதேன்னீங்க. எல்லாத்துக்குமான்னு கேட்டேன். எல்லாத்துக்கும் போடு, ஒண்ணையும் விடாதேன்னீங்க. எனக்கு அது என்னன்னு தெரியல. கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன், ஏசின்னு ஒண்ணு இருந்துச்சு. எல்லாத்துக்கும் போட்டேன். முன்கூடத்துத் திரையைக்கூட விடல."

மாப்பிள்ளை மெதுவாக நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். கண்ணாடி அறையின் நாலு சுவரிலும் ஏசி பெட்டிகள். இயந்திரங்கள் சூடாகிவிடும் என்று அவர் உயிரை விடுவது அந்தப் பெட்டிகளுக்காகத்தான்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனிதர் தன் வாயைச் சந்தேகப்பட மறந்துவிட்டார்.

மிச்சத்தை டோக்கன்காரர் சொன்னார். ஒரு நாள் காலை டோக்கன் எண்ணுக்கு மேல் வரைபடம் ஒன்று விரிந்ததாம். கொஞ்ச நேரத்தில் மறைந்துவிட்டதாம். ஆபீஸே ஜனங்களுக்குக் காட்டுகிறது போல என்று நினைத்தாராம். காத்திருந்தவர்கள் எழுந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்களாம்.

"ஏன்யா எங்ககிட்ட சொல்லல?"

"யாரு கேட்டா?" என்றார் டோக்கன்காரர்.

அக்காவின் திரை பதினேழு. முன்கூடத்துத் திரை எழுபத்தொன்று. அவசரத்தில் அக்கா எண்ணைத் தலைகீழாகத் தட்டியிருக்கிறார். படம் தன் மேஜைக்கு வராததால் நிறுத்திவிட்டு மறுபடி சரியாகத் தட்டியிருக்கிறார். எப்போதும் போலக் கதவு சாத்தியிருந்தால் அது ஒரு தப்பே இல்லை.

மாப்பிள்ளை நேராக மேனேஜர் அறைக்குப் போனார். "அக்கா மேல தப்பில்ல சார். யாருக்கும் அவங்க சொல்லல. என் வாய்தான் காரணம்" என்று சொல்லி, கடிகாரத்தை முன்கூடத்துக்கு அனுப்பியும் காட்டினார். மேனேஜர் கத்து கத்தென்று கத்தினார். மாப்பிள்ளை கல்லாக நின்று வாங்கிக்கொண்டார். கடைசியில், "நாளைக்கு அந்தம்மாவை வேலைக்கு வரச் சொல்லுங்க" என்ற வார்த்தை வந்தது.

"நேர்ல போய்ச் சொல்லிடலாம் மச்சான். ஒரு மன்னிப்பும் கேக்கணும்" என்றார். எனக்கு அவர்மேல் பெருமையாகவே இருந்தது. இந்த மனிதர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அக்கா தெருவில் நுழைந்ததும் வழி சொல்ல நாலு பேர் வந்தார்கள். "நம்ம அக்கா வீடா? வாங்க, வாங்க." வீட்டுக்குள் ஏகப்பட்ட ஆட்கள். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரர் மனைவிக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஆபீஸ்காரர்கள் என்று தெரிந்ததும் அவர் குரல் ஏறியது.

"விசாரணைக்கா வந்தீங்க? எழுதிக்கோங்க. தெருவையே இடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சும் ஒருத்தி வாயைப் பொத்திக்கிட்டு இருப்பாளா? வேலை போனாப் போகட்டும்னு ஊருக்கு எடுத்துச் சொன்னா என் பொண்டாட்டி. இவ்வளவு நாள் அவளை ஒரு வாயில்லாப் பூச்சின்னு நெனச்சிட்டேன்."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சட்டென்று விஷயம் புரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். அவர் அதற்குள் வாயைத் திறந்துவிட்டார்.

"இல்லங்க, அக்கா யாருக்கும் சொல்லல. நான் ஆதாரத்தோட நிரூபிச்சுட்டேன். தப்பு எங்க திரையில. அக்கா, நீங்க நாளைக்கு வேலைக்கு வரலாம். என்னை மன்னிச்சிடுங்க."

நாற்காலி போட்டவர் எங்களைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். வீட்டுக்காரர் மட்டும் மெதுவாகத் திரும்பினார்.

"நீ சொல்லலியா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்துவிட்டு மாட்டிக்கொள்ளவில்லை.

"சொல்லல."

"நம்ம வீட்டு மேல கோடு போட்டது யாரு?"

"நான்தான்."

"போட்டுட்டு வந்துதான் தினமும் எனக்குச் சோறு போட்டியா?"

"வெளியில சொல்லக் கூடாதுங்க. அது என் வேலை" என்றார் அக்கா. அவர் குரல் நடுங்கவே இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். என்னவோ கேட்க வாயெடுத்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றார்.

ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அக்காவிடம் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. நாங்களும் வாசலுக்கு வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். உள்ளே வீட்டுக்காரர் பேசுவது தெளிவாகக் கேட்டது. கோபம்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வேற என்னல்லாம் என்கிட்ட சொல்லாம வச்சிருக்க?"

அக்கா பதில் சொன்னாரா என்று தெரியாது. கதவைச் சாத்திவிட்டார்கள். மாப்பிள்ளை சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார், நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.